தெருமுனையில் உட்காரப்போகிற பிள்ளைகளுக்கு

அவுட்டோரில் வரையப் போகத் தொடங்கும் பிள்ளைகள் பலரும் கேட்பது ஒன்றுதான்: “சார், எந்த இடத்துக்குப் போனா நல்ல படம் கிடைக்கும்?” இடம் தேடி அலைவதை விடுங்கள். போன இடத்துக்கே மறுபடி போங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

1. ஒரு தெருமுனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓவியர் கமீல் பிஸாரோவுக்குக் கண்ணில் நோய். வெளியில் உட்கார்ந்து வரைய முடியவில்லை. 1897இல் பாரிஸில் ஒரு ஹோட்டல் அறை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே ஓடிய மோன்மார்த்ர் சாலையை 14 படங்களாக வரைந்தார். காலை, மழை, திருவிழாக் கூட்டம், இரவு விளக்கு. தெரு ஒன்று, படங்கள் வேறு வேறு. பாரிமுனையில் ஒரு டீக்கடை பெஞ்சு உங்களுக்கு அந்த ஜன்னலாக இருக்கட்டும்.

2. சென்னையில் 7 மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். 10 மணிக்கு மேல் நிழல் கட்டடத்தின் காலடியில் சுருங்கிவிடும், தெரு தட்டையாகிவிடும். உயர் நீதிமன்றத்தின் செங்கல் சுவரைக் காலையில் பாருங்கள்: வெயில் படும் பக்கம் ஆரஞ்சு, நிழல் பக்கம் ஊதா. நிழலுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம். பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரினைக் கலந்தால் வந்துவிடும்.

3. கூட்டத்தை வரையும்போது கண் மட்டத்தை மறக்காதீர்கள். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். தூரத்து ஆளைச் சின்னதாகக் காட்ட வேண்டும் என்று தலையையும் கீழே இறக்கிவிடுகிறார்கள். அவர் பள்ளத்தில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. தரை சமமாக இருந்து நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், உங்கள் உயரம் உள்ள எல்லார் கண்ணும் ஒரே கோட்டில்தான் இருக்கும். அருகில் இருப்பவரின் கால் கீழே நீளும், தூரத்தில் இருப்பவரின் கால் சீக்கிரம் முடிந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்டூலில் உட்கார்ந்தால் அந்தக் கோடு எல்லாருக்கும் கிட்டத்தட்ட முழங்கை உயரத்தில் ஓடும். முதலில் பென்சிலால் அந்தக் கோட்டைப் போடுங்கள். பிறகு ஆட்களைக் கொண்டுவாருங்கள். தெரு உடனே ஆழம் கொடுப்பதைப் பார்ப்பீர்கள்.

4. முகம் பிறகு வரட்டும். மூட்டை தூக்குகிறவரின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நம் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பாறையை நகர்த்தும் அந்த நான்கு பேரில் ஒருவர் வளைந்ததுபோல் இன்னொருவர் வளையவில்லை. சுற்றி நடந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் ஸ்கெட்ச் போடுங்கள். அதன்பின் காசிமேட்டில் மீன் கூடை இறக்குகிறவரைப் பார்த்து வரைந்தால், உங்கள் கோட்டுக்கே ஒரு கனம் வந்திருக்கும்.

5. நடைபாதையில் தூங்குகிறவரைப் படத்துக்கு அழகு சேர்க்க வரையாதீர்கள். அவருக்கு வீடில்லாதது நமக்குக் காம்போசிஷன் ஆகக் கூடாது. கடைக்காரரிடம், “அண்ணே, ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் அவரே இடம் ஒதுக்கித் தருவார். முடித்ததும் அவரிடம் காட்டுங்கள். தள்ளுவண்டியின் சக்கரம் இப்படி இருக்காது என்று வண்டிக்காரர் சொன்னால், திருத்துங்கள். அந்தச் சக்கரத்தை அவருக்குத்தான் தெரியும்.

6. 300 ஜிஎஸ்எம் பேப்பர், பெரிய ரவுண்ட் பிரஷ் ஒன்று, சின்னது ஒன்று, ஆறேழு நிறம் போதும். சித்திரையில் வாஷ் போட்ட கையோடு காயும், ஐப்பசியில் காயவே காயாது. தண்ணீரை அதற்கேற்ப எடுங்கள்.

7. கம்பிகளை அழித்துவிடாதீர்கள். சௌகார்பேட்டைச் சந்துகளில் வானமே கம்பிகளுக்கு நடுவில் தெரிகிற துண்டுதான். ஆனால் எல்லாக் கம்பியும் வேண்டாம். மூன்று நான்கு, வானம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரே வீச்சில். ஆட்டோவின் மஞ்சளும் அப்படித்தான்: பக்கத்துச் சாலையும் சுவரும் சாம்பலாக அடங்கியிருந்தால்தான் அது எடுபடும்.

8. மொபைல் படத்தை நினைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிழலுக்குள் நம் கண் பார்க்கிற சிவப்பையும் நீலத்தையும் அது பெரும்பாலும் கறுப்பாக்கிவிடும்.

9. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். எரிவதற்கு முன் அங்கே உட்கார்ந்து யாராவது போட்ட ஸ்கெட்ச் கையில் கிடைத்தால், எந்த வளைவுக்குக் கீழே எந்தக் கடை இருந்தது, வெயில் எப்படி விழுந்தது என்றெல்லாம் அதில் பார்க்க முடியும். ஆகவே மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த சாலைகளை அசிங்கம் என்று ஒதுக்காதீர்கள். தகரத் தடுப்பு, கிரேன், சுற்றிக்கொண்டு போகிற பஸ், சேற்றில் பலகை போட்டுக் கடக்கிற ஜனங்கள் எல்லாவற்றையும் வரையுங்கள். பின்பக்கத்தில் தேதி, நேரம், எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரம் பட்டால் கரைந்துவிடும்.