அப்டேட் மெயிலில் வராது!

 

"உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது! உடனே இங்கே அமுக்கி அப்டேட் செய்யவும்!" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? பயந்துபோய் அமுக்குகிறவர் உண்டு. "அப்டேட்டே வேணாம்ப்பா" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறவரும் உண்டு. இரண்டுமே தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

எரிதம் என்றால் என்ன?

நாம் கேட்காமலே நிறையப் பேருக்கு மொத்தமாக அனுப்பப்படும் மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் ஸ்பேம், தமிழில் எரிதம் என்று பெயர். முதல் எரிதம் 1978 மே 3-ல் அமெரிக்காவில் போனது. கேரி துயர்க் என்ற கணினி விற்பனையாளர், அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஸ்பேம் என்பது உண்மையில் டப்பாவில் அடைத்த இறைச்சியின் பெயர்! ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சியில் இந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லி மற்றவர் பேச்சை அமுக்கிவிடுவார்கள். அதிலிருந்து வந்த பெயர்தான் இது.

விளம்பரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2000 மே 4-ல் "ஐ லவ் யூ" என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பியது. உள்ளே கடிதம் மாதிரி ஒரு கோப்பு. உண்மையில் அது ஒரு நிரல். திறந்தவுடன் படங்களை அழித்தது. முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தானே தன்னை அனுப்பிக்கொண்டது. தெரிந்தவர் பெயரில் வந்ததால்தான் பலர் நம்பித் திறந்தார்கள். ஆகவே, "தெரிந்தவர்தானே அனுப்பியிருக்கார்" என்பது மட்டும் போதாது.

திறக்காமலே வந்த ஆபத்து

சரி, எதையும் திறக்காமல் இருந்தால் தப்பிக்கலாமா? அதுவும் இல்லை. 2017 மே 12-ல் வானாக்ரை என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இதில் யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு அதுவே தாவியது.

இதில் வருத்தமான சேதி என்ன தெரியுமா? அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. நடுவில் 59 நாட்கள் இருந்தன!

நம்ம ஊர்ப் பக்கம் இது புரியாத விஷயமில்லை. கண்மாய்க் கரையில் நண்டு வளை சின்னதாகத்தான் இருக்கும். மழைக்கு முன்னே அடைத்தால் ஒரு கூடை மண் போதும். வெள்ளம் வந்தபின் ஊரே கூடினாலும் கரை நிற்காது. அப்டேட் என்பது அந்த ஒரு கூடை மண்.

நம் தமிழ்நாட்டிலும்

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்று நினைக்க வேண்டாம். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் நச்சு நிரல் இருந்தது. இந்திய அணுமின் கழகமே அக்டோபர் 30-ல் இதை ஒப்புக்கொண்டது. உலையைக் கட்டுப்படுத்தும் கணினிகள் இணையத்தோடு சேராமல் தனியாக இருந்ததால், அவை பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. முக்கியமானதைத் தனியாக வைப்பதும் ஒரு பாதுகாப்பு என்பது இதில் நமக்குப் பாடம்.

அப்படியானால் என்ன செய்யணும்?

1. அப்டேட் மெயிலில் வராது. மெயிலோ, குறுஞ்செய்தியோ, திடீரென்று குதிக்கும் பெட்டியோ "அப்டேட் செய்" என்று இணைப்பு கொடுத்தால் தொடாதீர்கள். நாமே கணினியின் செட்டிங்ஸ் உள்ளே போய், அங்கே அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்போனுக்கும் இதே விதி.

2. எரிதத்துக்குப் பதில் போடாதீர்கள். "இனி அனுப்பாதே" என்று எழுதினால்கூட, இந்த முகவரியில் ஆள் இருக்கு என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

3. "ஸ்பேம் என்று புகார் செய்" பொத்தானை அமுக்குங்கள். எந்தச் சொல் எரிதத்தில் அதிகம் வருகிறது என்று எண்ணி, வருகிற மெயில் எரிதமாக இருக்கும் நிகழ்தகவைக் கணக்கிடுவது ஒரு வடிகட்டும் முறை. 11-ஆம் வகுப்பில் படிக்கும் பேயஸ் தேற்றம்தான் அது! "கணக்கு எதுக்கு சார் உதவும்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

4. அப்டேட் போடும்போது சார்ஜரைச் செருகி வையுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் அணைக்கவும் கூடாது.

5. முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்து, கழற்றித் தனியாக வையுங்கள்.

6. பழைய கணினியா? விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இனி புது ஓட்டை தெரிந்தாலும் வழக்கம்போல் அடைப்பு வராது. அப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ் போடலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த வகைதான்.

ஏமாந்து பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

நிறைவாக, மனதில் நிறுத்த இரண்டே வரி:

தானாக வந்து "அமுக்கு" என்று சொல்வதை நம்பாதே!
நாமாகப் போய்ப் பார்க்க வேண்டியதைத் தள்ளிப்போடாதே!

இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா செல்போனில் செட்டிங்ஸைத் திறந்து, அப்டேட் காத்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே இந்த இரண்டு வரியையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

 

— கணினி அறிவியல் பிரிவு, 11-ஆம் வகுப்பு, குளத்தூர்