பேசி முடிப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரிகளில் பாலியல் தொல்லைக்கு ஆளான மாணவி என்னிடம் வந்து சேரும்போது, பெரும்பாலும் அவளுக்காக வேறு யாரோ ஒரு முடிவை எடுத்து முடித்திருப்பார்கள். அப்பா எடுத்த முடிவென்றால், “கரஸ்பாண்டென்ட்டைப் பார்த்துப் பேசிட்டேன், அந்த சாரைக் கண்டிச்சு வைக்கிறேன்னு சொல்லிட்டாரு, நீ படிப்பைப் பாரு.” விடுதித் தோழிகள் எடுத்த முடிவென்றால், “இன்ஸ்டாவுல பேரைப் போட்டு ஒரு ஸ்டோரி போடுடி, மத்தது தானா நடக்கும்.” சில கல்லூரிகளின் உள்ளகப் புகார் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்து வருகிறவள் நான். இந்த இரண்டு முடிவுகளும் எத்தனை பிள்ளைகளை நடுவழியில் நிறுத்தியிருக்கின்றன என்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வழிகள் என்னவோ எல்லோருக்கும் தெரிந்தவைதான். கல்லூரிக்குள் உள்ளகப் புகார் குழு, வெளியே அனைத்து மகளிர் காவல் நிலையம், எந்த நேரத்திலும் மகளிர் உதவி எண் 181. இவற்றில் எது நல்லது என்று கேட்கிறார்கள். எது எதைச் செய்யும் என்றுதான் கேட்க வேண்டும். காவல் நிலையம் வழக்குப் பதியும், கைது செய்யும். உங்கள் இன்டர்னல் மார்க்கைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. குழு யாரையும் சிறைக்கு அனுப்பாது. ஆனால் புகாருக்கு ஆளானவர் உங்கள் விடைத்தாளைத் திருத்தக் கூடாது, உங்கள் ப்ராஜெக்டை மதிப்பிடக் கூடாது என்று விசாரணை நடக்கும்போதே தடுத்துவைக்கப் பரிந்துரைக்கும். வகுப்புப் பிரிவை மாற்றித் தரவும், மூன்று மாதம் வரை விடுப்புத் தரவும் சொல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் இவை எல்லாம் உண்டு. இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் போகலாம். “முதல்ல இங்க முடியட்டும், அப்புறம் போலீஸ்” என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குழுவின் பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நின்று படியுங்கள். தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் ஆகியோர் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. உங்கள் ஹெச்.ஓ.டி.யின் பெயர் அந்தப் பலகையில் இருந்தால் அந்தக் குழுவே முறையானதல்ல என்று எழுதிக் கொடுக்கலாம். முதல் போன் யாருக்கு என்றால், வெளி உறுப்பினருக்கு. அவருக்கு அந்த நிர்வாகம் சம்பளம் கொடுப்பதில்லை. பையன்களும் திருநர் மாணவர்களும் இந்த விதிமுறைகளுக்குள் வருகிறார்கள்; தயங்கி நிற்கிற பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, நம் பெற்றோர் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த வழிக்கு வருகிறேன்: பேசி முடிப்பது.

அது எப்படி நடக்கும் என்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நிர்வாக அறையில் ஏ.சி. ஓடும். அப்பா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். காபி வரும். ஊர்ப் பெரியவர் ஒருவரோ கவுன்சிலரோ கூட இருப்பார். “பொண்ணு வாழ்க்கை சார், வெளியே தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவான்” என்று அப்பாவின் பயத்தை அப்பாவுக்கே எடுத்துச் சொல்வார்கள். கடைசியில் ஒரு ஏ4 தாள் வரும். அதில் சம்பந்தப்பட்டவர் மன்னிப்பு எழுதுவார் என்று நினைக்கிறீர்களா? எழுதப்போவது உங்கள் மகள்தான்: “எனக்கு யார் மீதும் எந்தப் புகாரும் இல்லை. என் சொந்த விருப்பத்தின் பேரில் எழுதிக் கொடுக்கிறேன்.” அந்தத் தாள் கல்லூரிக் கோப்பில் பத்திரமாக இருக்கும். அதன் நகல் உங்கள் வீட்டில் இருக்காது.

ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்திக்கு ஆகஸ்ட் மாதம் இப்படிப் பேசி முடித்தார்கள். டிசம்பரில் செய்முறைத் தேர்வு. உள்தேர்வாளராக அதே சார் வந்து நின்றார். அவள் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அதன் பிறகுதான் எழுத்துப் புகார் வந்தது. வந்தவுடன் நிர்வாகம் கேட்ட முதல் கேள்வி நடந்தது என்ன என்பதல்ல, “மூணு மாசம் தாண்டிடுச்சே?”

இந்த மூன்று மாதத்தை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதத்துக்குள் குழுவிடம் எழுத்தில் புகார் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு அதைப் பதிவு செய்து இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அந்தப் பெண்ணுக்கு நீட்டிப்பு வாங்க ஒரு முழு அமர்வு வாதாட வேண்டியிருந்தது. பேச்சுவார்த்தை எவ்வளவு நாள் இழுத்தாலும் இந்தக் கணக்கு நிற்காது. “அடுத்த வாரம் வாங்க, சேர்மன் ஊர்ல இல்ல” என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உங்கள் நாட்கள்தான் குறைகின்றன.

கொல்கத்தாவின் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். துணைவேந்தர் மீது அங்கே பணியாற்றிய ஆசிரியை ஒருவர் சொன்ன கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல். மாவட்ட உள்ளூர் குழுவிடம் புகார் போனது அதே ஆண்டு டிசம்பரில். காலம் கடந்துவிட்டது என்று குழு தள்ளியது. உச்ச நீதிமன்றமும் 2025 செப்டம்பரில் அதையே உறுதிசெய்தது. இந்த விஷயம் துணைவேந்தருடைய தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற விசாரணைக்கே இடமில்லாமல் போயிற்று. சட்டம் படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே இந்தக் கதி என்றால், சூளகிரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

சமரசமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் கேட்க வேண்டியது பாதிக்கப்பட்டவர் மட்டுமே, அதுவும் எழுத்துப் புகார் கொடுத்த பிறகு. பணம் அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது. குழு அதைப் பதிவுசெய்து இரு தரப்புக்கும் நகல் தர வேண்டும். ஒப்புக்கொண்டதை எதிர்த்தரப்பு மீறினால் விசாரணை தொடங்கும். கரஸ்பாண்டென்ட் அறையில் நடப்பதற்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

பதினெட்டு நிறையாத பிள்ளை என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பாலிடெக்னிக்கில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கல்லூரி முதலாண்டில் பதினேழு சகஜம். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளைச் சீரழித்த வழக்கில், விஷயம் தெரிந்தும் மூடி மறைக்கப் பார்த்ததாகப் பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானதை நம் மாவட்டம் மறக்க முடியாது. அதே ஆண்டு நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், மாணவியிடம் ஆசிரியர் நடந்துகொண்ட விதம் பற்றிய வழக்கைப் பெற்றோரோடு செய்த சமரசத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இன்ஸ்டாகிராம் பற்றிச் சுருக்கமாக. சென்னை கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரி மாணவிகள் 2023 மார்ச்சில் வெளிப்படையாகப் போராடியதால்தான் நாடே திரும்பிப் பார்த்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்ரலில் ஆசிரியர் கைதானது முன்னாள் மாணவி ஒருவர் கொடுத்த புகாரின் பேரில். பதிவு போடுவதற்கு முன் புகார் போயிருக்க வேண்டும். உங்கள் பெயர் ஒருமுறை வெளியே போனால் திரும்பி வராது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். 2024 டிசம்பரில் வெளியே கசிந்தபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கசிந்த தகவலை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. அதே வழக்கில் ஐந்தே மாதத்தில், 2025 மே 28 அன்று, குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. சம்பவத்துக்கு மறுநாளே அந்தப் பெண் புகார் கொடுத்திருந்தாள்.

எல்லைப் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வீடு ஓசூரில், கல்லூரி ஆனேக்கல் பக்கம் என்று தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டுகிற பிள்ளைகள் நிறையப் பேர். “கர்நாடகாவுல நடந்தது, அங்க போய்க் குடும்மா” என்று இங்கே சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள். எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் பதிந்துகொண்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சிப்காட்டில் இன்டர்ன்ஷிப்போ அப்ரன்டிஸோ செய்கிறவர்களுக்குத் தொழிற்சாலையின் உள்ளகக் குழுவும் உண்டு. பயிற்சியில் இருப்பவரையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியராகவே கருதுகிறது. கம்பெனி பஸ்ஸும் பணியிடம்தான். ரகசியக் கேமரா விஷயம் என்றால் மட்டும் குழுவுக்குக் காத்திருக்காமல் நேரே காவல் நிலையம். 2025 நவம்பரில் நாகமங்கலம் பெண் தொழிலாளர் விடுதிக் குளியலறையில் கேமரா இருப்பது தெரிந்து ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள், கைது நடந்தது. அந்தக் கருவி கைமாறுவதற்கு முன் பறிமுதல் ஆக வேண்டும்.

பாலியல் வன்கொடுமை நேர்ந்திருந்தால் முதலில் மருத்துவமனை. அரசோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தந்தாக வேண்டும், எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. தங்க இடமும் கூட வர ஆளும் வேண்டுமென்றால் 181 வழியாக ஒருங்கிணைந்த சேவை மையம். தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416இல் மனநல ஆலோசனை கிடைக்கும். புகாரே கொடுக்காமல் இந்த உதவிகளை மட்டும் வாங்கிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எந்த வழி உங்களுக்கு ஒத்துவரும் என்பதில் உங்கள் சுபாவத்துக்கும் பங்கு இருக்கிறது. கேள்விமேல் கேள்வி கேட்டாலும் கலங்காமல் பதில் சொல்கிற பெண்கள் உண்டு. பேச வாய் வராது, ஆனால் நடந்ததைத் தேதி மாறாமல் நான்கு பக்கம் எழுதிவிடுகிற பெண்களும் உண்டு. இரண்டாம் வகைப் பெண்கள் குழுவில் சோடை போனதை நான் பார்த்ததில்லை. போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள், புகாரின் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணை முடிய 90 நாள் வரை ஆகலாம். நடுவில் செமஸ்டர் வரும், வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள், அந்த சாருக்குப் பிடித்த மாணவர்கள் முகம் திருப்புவார்கள். பொறுமை வேண்டும், பொறுமை என்றால் சகித்துக்கொள்வது இல்லை, கொடுத்த புகாரின் பின்னாலேயே நிற்பது. வகுப்புக்குப் போங்கள், தேர்வை எழுதுங்கள், கூட வர ஒரு தோழியை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரே, அந்த 90 நாளும் “உன்னாலதான்” என்ற வார்த்தை உங்கள் வீட்டில் வேண்டாம்.

கல்லூரிக் குழுவின் முடிவில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனு எழுத வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம்: கிருஷ்ணகிரியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் ஓசூரில் வட்டக் குழுவும் இருக்கின்றன, போன் 15100. வருமானச் சான்று எங்கே என்று யாராவது கேட்டால், பெண்களுக்கு அது தேவையில்லை என்று சொல்லுங்கள்.