தட்டை எப்போது எடுப்பது?

ஒரு வயது முடிந்ததும் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். அம்மாவின் தைரியம் போவதும் அப்போதுதான். முதல் வருடத்தில் குழந்தையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. 3 கிலோவில் பிறந்தது 9 கிலோவில் நிற்கும். இரண்டாம் வருடம் முழுவதும் கூடுவது 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சி நிதானப்படும்போது பசியும் நிதானப்படுகிறது. இது தெரியாத வீட்டில் “இவளுக்கு ஊட்டத் தெரியல” என்று பேச்சு கிளம்பும். உடனே கையில் கிண்ணம், இடுப்பில் பிள்ளை, எதிரே செல்போன்.

முதலில் எடை பாருங்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் பார்ப்பார்கள். தாய்-சேய் அட்டையில் இருக்கும் கோட்டை ஒட்டி எடை ஏறிக்கொண்டிருந்தால், உங்கள் பிள்ளை ஒல்லியோ குண்டோ, அதற்குப் போதுமான அளவு சாப்பிடுகிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அளவுகோல் அல்ல. “அதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அந்த அளவுகள் எடுக்கப்பட்ட ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எடை இரண்டு மூன்று மாதம் ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ டாக்டரிடம் போங்கள். அங்கே இந்தக் கட்டுரை உதவாது.

அடுத்து பால். மாட்டுப்பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். அது வயிற்றை அடைத்துவிடும். இரும்புச்சத்தும் அதில் மிகக் குறைவு. தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம், ஆனால் சோற்றுக்குச் சற்று முன்னால் வேண்டாம்.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை பழமோ சுண்டலோ (நன்றாக மசித்து). இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும்.

இனிதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம்: நிறுத்துவது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் ஒரு வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் முக்கால் அல்லது ஒரு கிண்ணம் என்பது பொதுவான கணக்கு. தட்டில் அதில் பாதியை மட்டும் வையுங்கள். கேட்டால் மறுபடி போடலாம். நிறைய வைத்துவிட்டால் அதைக் காலி செய்வதிலேயே உங்கள் குறி போய்விடும். பிள்ளை முகத்தைத் திருப்பும், உதட்டை இறுக்கும், கரண்டியைத் தட்டிவிடும், வாயில் வைத்ததைத் துப்பும். அப்போது கையைக் கீழே வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை நீட்டிப் பாருங்கள். வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். “காக்காவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்” வேண்டாம்.

தட்டை எடுப்பது பெரிய காரியமல்ல. எடுத்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் சோதனை. “ஒண்ணுமே சாப்பிடலையே” என்று மனசு அடித்துக்கொள்ளும். பாட்டி பிஸ்கட்டை எடுத்து வருவார். அந்த ஒரு பிஸ்கட்டில் அன்றைய பாடம் போய்விடும்: சோற்றைத் தள்ளினால் இனிப்பு வரும் என்று பிள்ளை கற்றுக்கொண்டாயிற்று. அடுத்த வேளை வரை பொறுங்கள். ஒரு வேளை கொறிக்கும் பிள்ளை அடுத்த வேளை இரண்டு இட்லியை உள்ளே தள்ளும். வேளைக் கணக்கை விட்டு வாரக் கணக்கைப் பாருங்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இந்த விதி பொருந்தாது. அப்போது கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும், தேறியதும் சில நாட்களுக்கு ஒரு வேளை கூடுதலாக.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். “அத்தை, ஒரு வாரம் இப்படிக் குடுத்துப் பாக்கச் சொல்லியிருக்காங்க டாக்டரம்மா. நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க” என்று சொல்லுங்கள். பாதி வீடுகளில் வேலை செய்யும். அடுத்த முறை போகும்போது டாக்டரம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பொய்யாகவும் இருக்காது.

செல்போன் கூடவே கூடாது. படத்தைப் பார்த்து வாய் திறக்கும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாது. நிலாவைக் காட்டுவதில் எனக்கு விரோதமில்லை. தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு ஊட்டுவதில்தான். தரையில், எல்லோரும் சாப்பிடும்போது, தனக்கென்று ஒரு தட்டோடு உட்காரட்டும். இறைக்கும், பூசிக்கொள்ளும். பாய் விரித்தால் துடைக்கச் சிரமம்; பழைய செய்தித்தாள் போதும்.

புதுக் காயைத் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பத்து முறைக்கு மேல் வைத்த பிறகு தொடும் பிள்ளைகள் உண்டு. பழகிய பருப்புசாதத்தின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தால் போதும். முழு வேர்க்கடலை மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

அப்பாக்களுக்கு ஒன்று: வேலை முடிந்து வந்ததும் “இன்னிக்கு என்ன சாப்பிட்டுச்சு?” என்று விசாரணை நடத்தாதீர்கள். இரவு வேளையை நீங்கள் ஊட்டுங்கள்.