பெயரும் மருந்தும்

நம் பல்லாவரத்தில் வாழ்ந்து தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் இயற்பெயர் வேதாசலம். பெயர் மாறியும் புலமை மாறவில்லை. மருந்தின் நிலையும் இத்தகையதே.

காய்ச்சல் மாத்திரையில் பணிபுரிவது பாராசிட்டமால்; அது பொதுப்பெயர். குரோசின், கால்பால், டோலோ என்பன நிறுவனங்கள் இட்ட வணிகப் பெயர்கள். வணிகப் பெயரைப் பரப்பும் செலவும் மருந்தின் விலையில் சேர்கின்றது. பொதுப்பெயர் மருந்தில் அச்செலவு குறைவாதலின் விலையும் பெரும்பாலும் குறைவு.

விலை குறைந்தால் வீரியமும் குறையும் என அஞ்சுவோர் பலர். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் இருவகைக்கும் ஒரே தரத்தையே விதிக்கின்றது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளைப் பொதுப்பெயரிலேயே கொள்முதல் செய்து, தரம் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கி வருகின்றது. 2008இல் மக்கள் மருந்தகத் திட்டமும், 2025இல் முதல்வர் மருந்தகங்களும் தோன்றின.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொருளைப் புரட்டிப் பார்த்து விலை பேசும் நாம், மருந்துக் கடையில் வாய் திறப்பதில்லை. விலைக்கு அஞ்சிச் சர்க்கரை நோய் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணும் முதியோரையும் நாம் காண்கின்றோம். மலிவான மருந்தைவிட, உண்ணாது விட்ட மருந்தே அஞ்சத்தக்கது.

எனினும் வலிப்பு, தைராய்டு போன்றவற்றுக்கான மருந்துகளை மருத்துவர் அறியாமல் மாற்றலாகாது.

மாணவச் செல்வங்களே! வீட்டுப் பெரியோரின் மருந்துச் சீட்டைப் படியுங்கள், பொதுப்பெயரை அறியுங்கள், "இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?" என மருத்துவரிடம் வினவுங்கள். உடல் இறைவன் அளித்த அமானிதம். அதைப் பேணக் கேட்பதில் இழிவில்லை.