அரசு ஓய்வூதியமும் வருமான வரியும்



அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தை வருமான வரிச் சட்டம் சம்பளமாகவே கொள்கிறது. வேலை முடிந்த பின்னும் சம்பளமா என்ற கேள்வி எழலாம். ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, செய்த பணிக்குப் பின்னாளில் கிடைக்கும் ஊதியம் என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஊதியம் என்பதால் அது ஓய்வூதியரின் உரிமை; ஊதியம் என்பதால் அதற்கு வரியும் உண்டு. அகவிலைப்படியும் இதில் அடங்கும்.

ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கைக்கு வரும் தொகைகளுக்கு விதி வேறு. பணிக்கொடைக்கும், எடுக்காமல் விட்ட ஈட்டிய விடுப்புக்கான பணத்துக்கும் மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு முழு விலக்கு உண்டு. தனியார் ஊழியர்களுக்கோ பணிக்கொடையில் 20 லட்சம், விடுப்புப் பணத்தில் 25 லட்சம் ரூபாய் என உச்சவரம்பு இருக்கிறது.

ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறுவது கம்யூடேஷன். தமிழக அரசு ஊழியர் மூன்றில் ஒரு பங்கு வரையும், மத்திய அரசு ஊழியர் 40 சதவீதம் வரையும் இப்படிப் பெறலாம். அரசு ஊழியருக்கு இந்தத் தொகையும் முழுக்க வரியற்றது. அதற்கு ஈடாக மாத ஓய்வூதியம் குறையும். 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் முழுமையாகும். அதுவரை குறைந்த ஓய்வூதியம்தான் வரிக்குரிய வருமானம். முழு ஓய்வூதியம் திரும்பும் ஆண்டில் வரிக் கணக்கும் அதற்கேற்ப உயரும்.

வரியைக் கணக்கிட இரண்டு முறைகள் உள்ளன. பழைய முறை வேண்டும் என்று ஓய்வூதியர் தெரிவிக்காவிட்டால் புதிய முறையே பொருந்தும். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில், ஓய்வூதியத்திலிருந்து நேராகக் கழிக்கப்படும் நிலைக் கழிவு 75,000 ரூபாய். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். கழிவு போக வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், இப்படி வரும் வரி முழுவதும் தள்ளுபடியாகும். பழைய முறையில் நிலைக் கழிவு 50,000. விலக்கு வரம்பு 60 வயதானவருக்கு 3 லட்சம், 80 வயதானவருக்கு 5 லட்சம். வைப்புத்தொகை வட்டியில் 50,000 வரை, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50,000 வரை கழிக்கும் சலுகை மூத்த குடிமக்களுக்கு இந்த முறையில் மட்டுமே உண்டு.

மாதம் 60,000 ரூபாய் ஓய்வூதியமும், ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் வைப்புத்தொகை வட்டியும் பெறும் 68 வயது ஆசிரியரின் மொத்த வருமானம் 9 லட்சம். புதிய முறையில் கழிவு போக 8,25,000. அதற்கான வரி 22,500 ரூபாயும் தள்ளுபடியாகிவிடும். பழைய முறையில் நிலைக் கழிவும் வட்டிக் கழிவும் போக 8 லட்சம் நிற்கும். வேறு கழிவு இல்லையென்றால், 4 சதவீத கூடுதல் தீர்வை சேர்த்து வரி 72,800 ரூபாய். ஆகவே எந்த முறை என்பதை ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வரி இல்லை என்பதால் கணக்குத் தாக்கல் வேண்டாம் என்று நினைப்பது பலருக்கும் நேரும் தவறு. தள்ளுபடிக்கு முந்தைய வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினாலே தாக்கல் கட்டாயம். 75 வயது நிறைந்து, ஓய்வூதியமும் அதே வங்கியில் வரும் வட்டியும் தவிர வேறு வருமானம் இல்லாதவர் வங்கியில் உறுதிமொழி கொடுத்தால், வரியை வங்கியே பிடித்துச் செலுத்தும். அவருக்கு மட்டும் தாக்கலிலிருந்து விலக்கு.

ஓய்வூதியத்தில் வரிப் பிடித்தத்தைத் தமிழக அரசு ஓய்வூதியர்களுக்குக் கருவூலமும், வங்கி வழியே பெறுபவர்களுக்கு அந்த வங்கியும் செய்கின்றன. மூத்த குடிமக்களின் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் வட்டியிலும் பிடித்தம் உண்டு. வரி ஏதும் வராதவர் நிதியாண்டின் தொடக்கத்திலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்து இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். முந்தைய ஆண்டுகளின் நிலுவை ஒரே ஆண்டில் மொத்தமாக வந்து வரி கூடினால், அதற்குரிய படிவத்தைத் தாக்கல் செய்து நிவாரணம் கேட்கலாம்.

ஓய்வூதியர் இறந்தபின் துணைவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் சம்பளம் ஆகாது. அது பெறுபவர் செய்த வேலைக்கான ஊதியம் அல்ல. அது 'இதர வருமானம்' என்ற தலைப்பில் சேரும். நிலைக் கழிவு கிடையாது. அதற்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது கழிக்கப்படும்; பழைய முறையில் இந்த வரம்பு 15,000. இதில் வரிப் பிடித்தமும் இல்லை. வரி வந்தால் பெறுபவரே செலுத்த வேண்டும். பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா பெற்றவர்களின் ஓய்வூதியத்துக்கும், போர்ப்பணியில் உயிர்நீத்த படைவீரரின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் முழு விலக்கு உண்டு.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும். பிரிவு எண்கள் மாறினாலும், மாத ஓய்வூதியம் சம்பளம், குடும்ப ஓய்வூதியம் இதர வருமானம் என்ற பகுப்பு தொடர்கிறது. விகிதங்களும் வரம்புகளும் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.