உமிழ்நீர் சொல்லும் சேதி

நம் வீடுகளில் 'எச்சில்' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. எச்சில் கை, எச்சில் தட்டு, எச்சில் இலை என்று எதைச் சொன்னாலும் முகம் சுளிக்கிறோம். அதே எச்சிலைச் சிறு குப்பி ஒன்றில் ஏந்தி, உடம்புக்குள் சென்ற மருந்து என்ன ஆயிற்று என்று அளந்தறிய இன்றைய மருத்துவம் கற்றிருக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை, இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுவதும் இல்லை. இது எவ்வாறு இயலுகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

காதுகளுக்கு முன்னால், கீழ்த்தாடைக்கு அடியில், நாவுக்குக் கீழே என மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள் நமக்கு உள்ளன. இவையும் வாயெங்கும் பரவியுள்ள சிறு சுரப்பிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் 99 சதவிகிதம் தண்ணீரே. எஞ்சியிருப்பவை உப்புகள், புரதங்கள், நொதிகள். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் அமிலேஸ் என்னும் நொதியின் வேலை அது.

இச்சுரப்பிகளைச் சூழ்ந்து மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றிலிருந்தே உமிழ்நீருக்கான தண்ணீர் வருகிறது. ஆகவே இரத்தத்தில் உள்ள பொருள்கள் சிலவும் அத்துடன் கசிந்து வருகின்றன. ஆனால் எல்லாம் வருவதில்லை. நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையைப் பற்றிய குழந்தை போல. அது சுரப்பியின் சவ்வைத் தாண்டாது. கையை விட்டுத் தனியே ஓடும் பகுதி மட்டுமே உமிழ்நீருக்குள் நுழைகிறது. மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் சென்று வேலை செய்வதும் இந்தத் தனித்த பகுதிதான். எனவே உமிழ்நீரில் அளப்பது வேலை செய்யும் மருந்தின் அளவை என்று கொள்ளலாம்.

வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபினிடாயின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் அது பெரும்பாலோருக்குப் பயன் தருகிறது. இதில் 90 சதவிகிதம் புரதத்துடன் ஒட்டியிருப்பதால் உமிழ்நீரில் 1 முதல் 2 மைக்ரோகிராமே காணப்படும். அளவு குறைந்தால் வலிப்பு திரும்புகிறது. அடுப்பருகே நிற்கும் பெண்ணுக்கோ, கிணற்றடியில் நீர் இறைப்பவளுக்கோ அது உயிர்ப்பிரச்சினை. அளவு மிகுந்தால் தலை சுற்றும், பொருள்கள் இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். வகுப்பில் இவ்வாறு தூங்கி வழியும் சிறுமியைச் சோம்பேறி என்று ஏசிவிடுவது எளிது. அவளது மாத்திரையின் அளவு சரிதானா என்று பார்ப்பதே முறை.

இம்மருந்தில் மற்றொரு சங்கடமும் உண்டு. கல்லீரல் இதனை ஓரளவுக்கு மேல் விரைந்து சிதைக்க இயலாது. அந்த எல்லையை எட்டியபின் மாத்திரையைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அதன் அளவு திடீரென்று ஏறிவிடும். சிலருடைய கல்லீரல் பிறவியிலேயே மெதுவாக வேலை செய்கிறது. தென்னிந்திய வலிப்பு நோயாளிகளிடம் இந்த மரபணு வேறுபாட்டைப் புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையினர் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆராய்ந்து காட்டினர். ஆகவே அக்காளுக்குச் சரியான அளவு தங்கைக்குச் சரியாகும் என்று சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்கவேண்டும். நம் பக்கத்து மருத்துவமனைகளில் இதற்கு இன்றும் இரத்தமே எடுக்கிறார்கள். கம்மாபுரத்திலிருந்து புதுச்சேரிக்குக் குழந்தையை அழைத்துப் போய்வந்தால் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டில் சேகரித்த எச்சிலைக் குப்பியில் கொடுத்தனுப்பலாம் என்றால் எத்தனை நிம்மதி!

ஆயினும் எல்லா மருந்துக்கும் இவ்வழி பொருந்தாது. கார்பமசெபினுக்குப் பொருந்துகிறது, வால்ப்ரோயேட்டுக்கு நம்பிக்கையாக அமைவதில்லை. மனநோய்க்குத் தரும் லித்தியம் இரத்தத்தைவிட உமிழ்நீரில் மிகுதியாக இருக்கிறது. அந்த மிகுதியும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வைக் குறிப்பிடவேண்டும். சென்னையில் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுவே. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று 193 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து, 1959-இல் உலகுக்கு அறிவித்தது இந்நிலையம். வீட்டில் மருந்து கொடுத்தால் நோயாளி அதை விழுங்குகிறாரா, குப்பையில் போடுகிறாரா என்று யார் பார்ப்பது? அதற்காகச் சிறுநீரைச் சோதித்தார்கள். சொல்லாமல் வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். பின்னாளில் அங்குள்ள அறிவியலார் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரு மருந்துகளையும் உமிழ்நீரில் அளந்து 1990-இல் வெளியிட்டனர். புரதத்துடன் அதிகம் ஒட்டாத ஐசோநியாசிட் இரத்தத்தில் உள்ளதை ஒட்டிய அளவில் எச்சிலிலும் வருகிறது. 80 சதவிகிதம் ஒட்டிக்கொள்ளும் ரிஃபாம்பிசினோ மிகக் குறைவாகவே வருகிறது. ஒரே நோய்க்குச் சேர்த்துத் தரும் இரு மருந்துகளிடையே இத்தனை வேற்றுமை!

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும், ஏனெனில் இதனால் உண்மையாகவே தீங்கு நேர்கிறது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பது எச்சில் அன்று, சளி. நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுக்கும் கெட்டியான கோழை அது. கூச்சத்தினால் பலர், குறிப்பாகப் பெண்கள், வாயிலுள்ள எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் கிருமி தென்படாமல் போகலாம். 'நோய் இல்லை' என்று முடிவு வருகிறது. நோயோ வீட்டாருக்கும் பரவிக்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து, காற்றோட்டமான வெளியிடத்தில் தனியே நின்று இருமி எடுக்கவேண்டும். வீட்டில் இருமலோடு இருக்கும் பாட்டிக்கு இதை நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.

வகுப்பில் ஒரு மாணவி, "சர்க்கரை நோய்க்கும் எச்சிலைப் பார்க்கலாமே, டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எச்சிலில் சர்க்கரை மிகக் குறைவு. சற்றுமுன் தின்ற மிட்டாயும் அதில் கலந்துவிடும். ஆதலால் மாத்திரை, இன்சுலின் அளவை முடிவு செய்ய அது போதாது. விரல் நுனியில் குத்துவதிலிருந்து இன்னும் விடுதலை இல்லை.

மற்ற துறைகளில் உமிழ்நீர் வேகமாக முன்னேறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவலர்கள் 2004 டிசம்பர் முதல் வண்டியோட்டிகளின் எச்சிலைக் கொண்டு போதைப்பொருளைக் கண்டுபிடிக்கிறார்கள். எச்.ஐ.வி. நோயை வீட்டிலேயே ஈறைத் துடைத்துச் சோதிக்கும் முறைக்கு அமெரிக்கா 2012-இல் அனுமதி தந்தது. கொரோனாக் காலத்தில், 2020 ஆகஸ்டில், யேல் பல்கலைக்கழகத்தாரின் எச்சில் சோதனை ஏற்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதத்தில் நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், உப்புநீரைத் தொண்டையில் கொப்பளித்துக் குப்பியில் உமிழ்ந்தாலே போதும் என்ற எளிய முறைக்கு ஒப்புதல் பெற்றனர். மூக்கில் குச்சி விட்டதை நினைத்தால் இன்னும் கண்ணில் நீர் வருபவர்களுக்கு அதன் அருமை புரியும்.

உமிழ்நீர் எடுப்பதிலும் முறை உண்டு. சாப்பிட்டவுடன் எடுக்கக்கூடாது. வாயைக் கொப்பளித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, தலையைக் குனிந்து, தானாக ஊறுவதைக் குப்பியில் வடியவிட வேண்டும். புளியை நினைத்தாலே ஊறும் என்பது உண்மைதான். ஆனால் புளிப்பை வாயில் போட்டால் உமிழ்நீரின் அமிலத்தன்மை மாறி, சில மருந்துகளின் அளவும் மாறிக் காட்டும். ஈறில் இரத்தம் கசிந்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிட வேண்டும். மருந்து திரவமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அது வாயில் ஒட்டிக்கொண்டு பொய்க்கணக்குக் காட்டும். ஆகவே அடுத்த வேளை மருந்து கொடுப்பதற்குச் சற்றுமுன் எடுப்பதே வழக்கம். குப்பியின்மேல் பெயரோடு, கடைசியாக மருந்து தின்ற மணியையும் எழுதவேண்டும். அந்த மணி தெரியாவிட்டால் ஆய்வகத்தார் தரும் எண்ணை வைத்து மருத்துவரால் ஒன்றும் செய்ய இயலாது.