பேசியது திரும்ப வராது

கணினிக்கு ஒலிப்பதிவு மென்பொருள் எழுத வேண்டும், இணைய வானொலியைக் கேட்கவும் பதிந்து வைக்கவும் ஒரு கருவி செய்ய வேண்டும், அதைக் கட்டற்ற மென்பொருளாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசையோடு வருகிற தம்பி தங்கைகளிடம் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு எழுதும் மென்பொருள் நின்றுபோனால் மறுபடி தட்டிக்கொள்ளலாம். எண்பது வயதுப் பாட்டி ஒப்பாரி பாடிக்கொண்டிருக்கும்போது உங்கள் நிரல் நின்றுபோனால், அந்தப் பாட்டு போனது போனதுதான். கீழே சொல்வதில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

1. எழுதும் முன் வாசியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. 1999-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கிய வேலை அது. 2000 மே மாதம் வெளியே வந்தது. இணைய வானொலி பக்கம் ஐஸ்காஸ்ட் என்ற ஒலிபரப்பு சர்வர் ஏறக்குறைய அதே காலத்துப் பிள்ளை. இரண்டையும் மூலநிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே ஒரு முறை கட்டிப் பாருங்கள். அதற்கே ஒரு வாரம் போகலாம், போகட்டும். அந்த வாரத்தில் கற்பதை எந்த வகுப்பிலும் கற்க முடியாது.

2. ஒலி ஓடும் த்ரெட்டில் வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள். புதியவர்கள் எழுதும் பதிவுக் கருவிகளில் டிக் டிக் என்று இடையிடையே கேட்கும் சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். சவுண்ட் கார்டு 480 மாதிரிகள் சேர்ந்ததும் உங்கள் நிரலைக் கூப்பிடுகிறது. அதாவது 10 மில்லி வினாடிக்கு ஒரு முறை. அடுத்த 10 மில்லி வினாடிக்குள் நீங்கள் வேலையை முடித்துத் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தில் டிஸ்க்கில் எழுதப் போனால், டிஸ்க் எப்போது பதில் சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. மெமரி கேட்டால் இயங்குதளம் யோசிக்கும். லாக் போட்டால், அதைப் பிடித்து வைத்திருக்கும் இன்னொரு த்ரெட் விடும்வரை நிற்க வேண்டும். பிழை தேடுவதற்கென்று போட்ட ஒரு பிரிண்ட் வரியே சத்தத்தை உடைத்துவிடும்.

ஆகவே அங்கே செய்ய வேண்டியது ஒன்றே: வந்த மாதிரிகளை முன்பே ஒதுக்கி வைத்த வட்ட பஃபரில் நகலெடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கோப்பில் எழுதுவதை வேறொரு த்ரெட் நிதானமாகச் செய்யட்டும். வட்ட பஃபரைச் சிக்கனமாக வைக்காதீர்கள். ஸ்டீரியோவில் 10 வினாடிக்கு இடம் ஒதுக்கினாலும் 4 எம்பியைத் தாண்டாது. டிஸ்க் திணறும் நேரத்தில் அந்த 10 வினாடிதான் காப்பாற்றும். போர்ட்ஆடியோ என்ற ஒலி நூலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ராஸ் பென்சினா 2011-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் புதியவர்களுக்கு முதலில் கொடுக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தென்படவில்லை.

3. மின்சாரம் எந்த நிமிடமும் போகும் என்று எண்ணியே கோப்பை எழுதுங்கள். வேவ் கோப்பின் தலையில் வழக்கமாக 44 பைட் இருக்கும். முதலில் ரிஃப் என்ற நான்கு எழுத்து, அடுத்த நான்கு பைட்டில் கோப்பின் அளவு. பின்னால் தரவுப் பகுதி தொடங்கும் இடத்தில் இன்னொரு அளவு. பதிவு தொடங்கும்போது இந்த அளவுகள் தெரியாதல்லவா? பூஜ்யம் போட்டுவிட்டு, நிறுத்து பொத்தானை அழுத்தியதும் திரும்பி வந்து நிரப்புவதுதான் எல்லோரும் செய்வது. நடுவில் கரண்ட் போனால், டிஸ்க்கில் இரண்டு மணி நேரக் கச்சேரி முழுதாக இருக்கும்; தலையிலோ நீளம் பூஜ்யம் என்றிருக்கும். பாட்டு பத்திரமாக இருந்தும் பிளேயர் திறக்க மறுக்கும். சில வினாடிகளுக்கு ஒரு முறை தலையைத் திருத்தி எழுதி, டிஸ்க்குக்கு அனுப்பியும் விடுங்கள். பத்து வரி வேலை.

இன்னொரு பொறியும் அங்கேயே இருக்கிறது. அளவுக்கு 4 பைட்தான் இடம் என்பதால் வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சிடி தரத்தில் அது ஏறத்தாழ 6 மணி 45 நிமிடம். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு கிராமத்துத் தெருக்கூத்து இரவு முழுக்க நடக்கும். விடியற்காலையில், சரியாகக் கதையின் முக்கியமான கட்டத்தில் உங்கள் கோப்பு நிரம்பும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த ஆர்எஃப்64 வடிவம் இதற்காகவே வந்தது. அல்லது மணிக்கு ஒரு கோப்பாகப் பிரித்து எழுதுங்கள்.

ஆடாசிட்டிக்காரர்களும் இந்தக் கோப்பு விஷயத்தில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வந்தார்கள். முன்பெல்லாம் ஒரு திட்டம் என்றால் ஒரு சின்னக் கோப்பு, அதன் பக்கத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகள் கொண்ட ஒரு ஃபோல்டர். ஜனங்கள் சின்னக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் போய்த் திறந்தால் வெறுமை. 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே எஸ்க்யூலைட் கோப்புக்குள் வைத்தார்கள்.

4. சத்தத்தை நீங்களாகத் திருத்தாதீர்கள். பதிவாகும்போதே இரைச்சல் நீக்குவது, ஏற்ற இறக்கம் சமன் செய்வது எல்லாம் கேட்க நன்றாயிருக்கும். நீக்கியது திரும்பி வராது. வந்ததை வந்தபடி வையுங்கள், அழகு பின்னால் செய்துகொள்ளலாம். 16 பிட்டில் உச்ச மதிப்பு 32,767. அதைத் தொட்ட ஒலியின் தலை வெட்டுப்படும். அளவுமானி பெரிதாகத் தெரியட்டும், வெட்டுப்பட்டால் சிவப்பு விளக்கு எரிந்தபடியே நிற்கட்டும்.

5. மைக் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும். யுஎஸ்பி வயரில் யாராவது கால் இடறுவார்கள். அப்போது நிரல் செத்து விழக் கூடாது. அதுவரை வந்ததை மூடிவைத்துவிட்டு, திரையில் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். விண்டோஸுக்கு வாசாபி, மேக்குக்கு கோர் ஆடியோ, லினக்ஸுக்கு அல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்று ஆளுக்கொரு பாதை. நேரடியாக மூன்றையும் எழுதத் துணியாதீர்கள், போர்ட்ஆடியோ போன்ற ஒன்றின் மேல் ஏறிக்கொள்ளுங்கள். இரண்டு மைக்கை இரண்டு யுஎஸ்பியில் செருகி ஒன்றாகப் பதிய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகிவிடும். கேட்பவருக்கு எதிரொலி போலத் தெரியும்.

6. வானொலி சர்வர்கள் எல்லாம் விதிப்படி பேசும் என்று நம்பாதீர்கள். பழைய ஷவுட்காஸ்ட் சர்வரைக் கூப்பிட்டால் எச்டிடிபி 200 என்று சொல்லாது, ஐசிஒய் 200 ஓகே என்று சொல்லும். இன்றைய எச்டிடிபி நூலகங்கள் பல, இதென்ன மொழி என்று இணைப்பை அறுத்துவிடும். இதற்கென்று தனியாக ஒரு வழி எழுதித்தான் ஆக வேண்டும்.

பாட்டின் பெயர் வரும் விதம் இன்னும் வேடிக்கை. பெயரும் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், ‘இத்தனை பைட்டுக்கு ஒரு முறை தருகிறேன்’ என்று சர்வர் ஓர் எண் சொல்லும். 16,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 16,000 பைட் ஒலி வந்ததும் ஒரே ஒரு பைட் வரும். அதை 16-ஆல் பெருக்கினால், அடுத்து வரும் பெயரின் நீளம். பெயர் மாறவில்லை என்றால் அந்த பைட் பூஜ்யம். பூஜ்யம்தானே என்று அதை ஒலியோடு சேர்த்து எழுதிவிட்டால், 128 கிலோபிட் ஒலிபரப்பில் 16,000 பைட் சரியாக ஒரு வினாடி; ஆகவே வினாடிக்கு ஒரு விக்கல் பதிவாகும். பிழை எங்கே என்று டீகோடரைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

பெயர் மாறும் இடத்தில் பாட்டை வெட்டித் தனிக் கோப்பாக்குவது ஸ்ட்ரீம்ரிப்பர் என்ற பழைய வானொலிப் பதிவுக் கருவியின் காலத்து உத்தி. பெயர் சில வினாடி முந்தியோ பிந்தியோ வரும். அதனால் அக்கம்பக்கத்தில் அமைதியான இடம் தேடி வெட்டுங்கள். வெட்டாத முழுப் பதிவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

7. தமிழில் சோதித்துப் பாருங்கள். மேலே சொன்ன பாட்டுப் பெயர் எந்தக் குறியாக்கத்தில் வருகிறது என்பதைச் சொல்ல அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும் கருவியில் தமிழ்ப் பெயர், கோழி கிளறிய குப்பையாகத் தெரியும். முதலில் யுடிஎஃப்-8 ஆகப் படித்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மட்டும் மற்றதற்குப் போங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது இன்னொன்று. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான். யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கு 6 பைட். ஆங்கிலப் பாட்டுக்குத் தாராளமாக இருக்கிற இடம், படப் பெயர், பாடகர், இசையமைப்பாளர் எல்லாம் சேர்ந்த தமிழ்ப் பெயருக்குப் போதாது. நீளமாக இருந்தால் பைட்டை எண்ணி வெட்டாதீர்கள், எழுத்து பாதியில் அறுந்துபோகும்.

8. இணைப்பு அறுந்தால் பொறுமையாகத் திரும்பிப் போங்கள். ஒரு வினாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். கொஞ்சம் தற்செயலையும் கலந்துகொள்ளுங்கள். சிறிய வானொலிகள் வாடகை சர்வரில் ஓடுகிறவை. அது விழுந்து எழும்போது உங்கள் கருவி வைத்திருக்கும் எல்லோரும் ஒரே வினாடியில் கதவைத் தட்டினால் மறுபடி விழும். வந்த எம்பி3-ஐ அப்படியே சேமியுங்கள். அவிழ்த்து மறுபடி சுருக்கினால் தரம் குறையும். 128 கிலோபிட் ஒலிபரப்பு மணிக்கு 57.6 எம்பி. டேட்டா கார்டில் கேட்கிறவர்களுக்கு இந்த எண்ணைத் திரையில் காட்டுவது மரியாதை.

9. ஒலிபரப்பும் பகுதியையும் எழுதுகிறவர்களுக்கு: ஐஸ்காஸ்ட்டின் மாதிரி அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் ‘ஹேக்மீ’ என்றே இருக்கும். வேண்டுமென்றே வைத்த கேலி அது. மாற்றாமலே வானொலி நடத்துகிறவர்களும் உண்டு. உங்கள் கருவி அந்தச் சொல்லைக் கண்டால் இணைய மறுக்கட்டும்.

10. உரிமத்தை முதல் நாளே எழுதி வையுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமானால் பங்களித்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டிவரும். எம்பி3 காப்புரிமை இருந்த காலத்தில் ஆடாசிட்டியோடு லேம் என்கோடரைச் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை; பயனர்களே தனியாகத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். 2017-ல் அந்தக் காப்புரிமைத் தளை நீங்கியது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஓபஸ், ஃப்ளாக் இரண்டையும் முதலில் சேருங்கள், தடையில்லாத வடிவங்கள். மென்பொருள் கட்டற்றது என்பதால் அதில் பதியும் பாட்டும் கட்டற்றதாகிவிடாது. அதைப் பயனருக்கு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், போதும்.

11. பயனரைக் கேட்காமல் எந்தத் தகவலையும் வெளியே அனுப்பாதீர்கள். 2021-ல் ஆடாசிட்டி மியூஸ் குழுமத்தின் கைக்குப் போனது. சில நாட்களிலேயே, பயன்பாட்டுத் தகவலை கூகுள், யாண்டெக்ஸ் சேவைகள் மூலம் திரட்டலாம் என்ற யோசனை வந்தது. விரும்பினால் மட்டுமே என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் எதிர்ப்பு வெடித்தது, யோசனையைக் கைவிட்டார்கள். மூலநிரலைப் பிரித்து டெனாசிட்டி போன்ற கிளைகளையும் சிலர் தொடங்கினார்கள். அந்தக் கோபம் மிகை என்று வாதிடலாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மைக்கைத் திறக்கும் மென்பொருள், மற்ற மென்பொருளைவிட ஒரு படி கூடுதலாகக் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

12. காசு கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் தொடங்கிய பால் டேவிஸ் ஒரு வழி காட்டினார்: மூலநிரல் யாருக்கும் இலவசம், கட்டித் தயாராக வைத்த பதிப்பு வேண்டுமென்றால் பணம். அதை நம்பியே பல ஆண்டுகளாக அந்த வேலை நடக்கிறது.

13. பார்வையற்றவர்களை நினைத்துத் திரையை அமையுங்கள். ஒலி மென்பொருளை அதிகம் நம்பியிருப்பவர்களில் அவர்களும் உண்டு. பலர் என்விடிஏ என்ற கட்டற்ற திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அழகுக்காகப் பொத்தானைப் படமாக வரைந்துவிட்டால் திரைவாசிப்பானால் அதைப் படிக்க முடியாது. இயங்குதளம் தரும் பொத்தான்களையே வையுங்கள். எலியைத் தொடாமல் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் முடிய வேண்டும். பதிவு ஓடும்போது திரைவாசிப்பானின் குரலும் மைக்கில் விழும் என்பதால், நிலை மாறும்போது மட்டும் பேசும்படி செய்யுங்கள்.

14. முதல் பதிப்பை வெளியிடும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். பதிவை ஓடவிட்டு யுஎஸ்பி மைக்கைப் பிடுங்குங்கள். இன்னொரு பதிவின் நடுவில் டிஸ்க்கை நிரப்புங்கள். நெட்டை அணைத்துப் போடுங்கள். கடைசியாக, நீண்ட பதிவு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியின் பிளக்கையே உருவிவிடுங்கள். மறுபடி திறந்து பாருங்கள். கடைசிச் சில வினாடிகள் தவிர மற்றதெல்லாம் கேட்டால் தாராளமாக வெளியிடுங்கள். கேட்காவிட்டால், எத்தனை வசதி இருந்தாலும் அந்தப் பதிப்பை ஊருக்குக் கொடுக்காதீர்கள்.